முட்டையை நிறுத்தியும் கொலஸ்ட்ரால் ஏன் இறங்கல? குடல் என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் விரிவா

"ஆறு மாசமா முட்டை, இறைச்சி எல்லாத்தையும் நிறுத்திட்டேன், எல்.டி.எல். 160ல இருந்து 154க்குத்தான் வந்திருக்கு, குடலே கொலஸ்ட்ரால் தயாரிக்குதுன்னு ஒருத்தர் சொல்றாரு, அது உண்மையா, அப்போ சாப்பாட்டுக் கட்டுப்பாடே வேஸ்டா"ன்னு கேட்டிருக்கீங்க. (எல்.டி.எல்.ங்கறது ரத்தத்துல கொலஸ்ட்ராலைச் சுமந்துட்டுப் போற பொட்டலம், கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்றது அதைத்தான்.) முதல் கேள்விக்கு ஆமா, உண்மைதான். ரெண்டாவதுக்கு இல்ல, வேஸ்ட் இல்ல, ஆனா நீங்க கட்டுப்படுத்தினது தப்பான ஐட்டமா இருக்கலாம். பதில் நீளும், பொறுமையா படிங்க, ஏன்னா இந்த விஷயத்துல பாதி சொன்னா முழுசா தப்பாத்தான் புரியும்.

முதல்ல வரவு செலவு கணக்கைப் பார்த்துடுவோம். ஒரு நாள்ல சாப்பாடு வழியா குடலுக்குள்ள வர்ற கொலஸ்ட்ரால் சாதாரணமா 300ல இருந்து 500 மில்லிகிராம். அதே நாள்ல உங்க லிவர் பித்தநீர்ல கலந்து அதே குடலுக்குள்ள கொட்டுற கொலஸ்ட்ரால் எவ்ளோ தெரியுமா, 800ல இருந்து 1200 மில்லிகிராம். இது போக குடல் சுவர்ல இருந்து உதிர்ற செத்த செல்கள்ல இருக்கறது வேற. அதாவது இந்த நிமிஷம் உங்க சிறுகுடலுக்குள்ள மிதந்துட்டு இருக்கற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு நீங்க சாப்பிட்டதே இல்ல, உங்க உடம்போட சொந்தச் சரக்கு. குடலுக்கு இது முட்டையில வந்தது இது லிவர்ல வந்ததுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது, ரெண்டும் ஒரே மூலக்கூறு. மொத்தத்துல சராசரியா பாதியைத் திரும்ப உறிஞ்சிக்கும், மீதி மலத்துல போயிடும். இந்த "பாதி"ங்கறது ஆளுக்கு ஆள் பயங்கரமா மாறும், ஒருத்தர் 25 சதவீதம் உறிஞ்சுவார், இன்னொருத்தர் 75.

இப்போ உங்க முட்டைக் கணக்கு. ஒரு முட்டையில சுமார் 200 மில்லிகிராம், அதுல பாதி உள்ளே போனா 100. அதை நிறுத்தினா 100 மில்லிகிராம் மிச்சம்னு நாம நினைப்போம், உடம்பு அப்படி நினைக்கறதில்ல, வரவு குறைஞ்சிடுச்சா சரி கொஞ்சம் கூடத் தயாரிச்சுக்கலாம்னு உற்பத்தியை ஏத்திடும்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமா ஒரு கேஸ் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ். 1991ல ஃப்ரெட் கெர்ன்னு ஒரு அமெரிக்க டாக்டர் பப்ளிஷ் பண்ணினது. 88 வயசு தாத்தா ஒருத்தர், மனசுல ஏதோ ஒரு உந்துதல், அதனால தினம் 25 முட்டை சாப்பிடுவார், அதுவும் பல வருஷமா. கொலஸ்ட்ரால் பார்த்தா நார்மல்! எப்படின்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்தா, அவர் குடல் வர்ற கொலஸ்ட்ரால்ல வெறும் 18 சதவீதம்தான் உறிஞ்சிருக்கு, ஒப்பிட்டுப் பார்த்த மத்தவங்க 50 சதவீதம் பக்கத்துல. அதோட அவர் லிவர் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமா, அதாவது பித்தநீர்ல இருந்து கொழுப்பைச் செரிக்க உதவற பொருளா மாத்தற வேலையை ரெண்டு மடங்கா ஏத்தியிருக்கு. வாசல்ல பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிட்டு உள்ளே வந்ததை வேற பொருளா மாத்தித் தள்ளியிருக்கு உடம்பு. இதைப் படிச்சுட்டு யாரும் 25 முட்டைக்குப் போயிடாதீங்க, எல்லாருக்கும் அந்த வாசல் இவ்ளோ டைட்டா இருக்காது.

சரி, தயாரிப்புக்கு வருவோம். கொலஸ்ட்ரால் தயாரிக்கறது லிவரோட தனி உரிமைன்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு. உட்கரு இருக்கற எந்த செல்லும் அதைத் தயாரிக்கும், ஏன்னா செல்லோட மேல்தோல் இருக்கே, அந்த சவ்வு, கொலஸ்ட்ரால் இல்லாம நிக்காது. குடல்ல இதுக்கு டிமாண்ட் எக்கச்சக்கம். சிறுகுடலோட உள்சுவர் மூணுல இருந்து அஞ்சு நாளைக்கு ஒரு தடவை மொத்தமா புதுசாகுது, அடியில புது செல் பிறந்து மேல ஏறி ஏறி நுனிக்கு வந்து உதிர்ந்துடும், மறுபடி அடுத்தது. இவ்ளோ செல்லுக்கும் சவ்வு கட்டணும்ல. அதனால லிவருக்கு அடுத்து கொலஸ்ட்ரால் தயாரிக்கற முக்கியமான இடங்கள்ல குடல் ஒண்ணு. உடம்பு முழுக்க சேர்த்து ஒரு நாள் உற்பத்தி ஒரு கிராம் பக்கத்துல வரும்.

தயாரிக்கற முறை எல்லா செல்லுலயும் ஒண்ணுதான். அசிட்டைல் கோ-ஏ அப்படின்னு ரெண்டு கார்பன் துண்டு, சர்க்கரை எரிஞ்சாலும் கொழுப்பு எரிஞ்சாலும் கிடைக்கற பொருள் அது, அதுல ஆரம்பிச்சு சுமார் 30 ஸ்டெப்ல 27 கார்பன் இருக்கற கொலஸ்ட்ராலைக் கட்டிடுது. இந்தப் பாதையைக் கண்டுபிடிச்சதுக்காக கொன்ராட் பிளாக், ஃபியோடர் லினன் ரெண்டு பேருக்கும் 1964ல நோபல் கிடைச்சது. 30 ஸ்டெப்ல பெரும்பாலானதை நீங்க மறந்துடலாம், ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ். அதுதான் குழாயைத் திறந்து மூடற என்சைம், கொலஸ்ட்ராலைக் குறைக்கக் குடுக்கற ஸ்டாட்டின் மாத்திரை எல்லாம் பிடிச்சு நிறுத்தறது இதைத்தான்.

செல்லுக்கு எப்போ தயாரிக்கணும் எப்போ நிறுத்தணும்னு எப்படித் தெரியும்? இதைக் கண்டுபிடிச்சவங்க பிரவுன், கோல்ட்ஸ்டைன்னு ரெண்டு பேர், எல்.டி.எல். ரிசெப்டர் வேலைக்காக 1985ல நோபல் வாங்கின அதே ஜோடி. செல்லுக்குள்ள எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்னு ஒரு மடிப்பு மடிப்பான சவ்வு இருக்கும், அதுல எஸ்.ஆர்.இ.பி.பி.-2ன்னு ஒரு புரதம் கட்டிப்போட்ட மாதிரி உக்காந்திருக்கும். அந்த சவ்வுல இருக்கற கொழுப்புப் பொருள்கள்ல கொலஸ்ட்ராலோட பங்கு சுமார் 5 சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா கட்டு அவிழும், அது வேற இடத்துக்குப் போய் வெட்டுப்பட்டு, வெட்டுப்பட்ட துண்டு உட்கருவுக்குள்ள நுழைஞ்சு, தயாரிக்கற என்சைம் எல்லாத்தையும் பண்ணுங்க, கூடவே ரத்தத்துல இருந்து எல்.டி.எல்.ஐப் பிடிக்கற ரிசெப்டரையும் பண்ணுங்கன்னு ஜீன்களை எழுப்பி விடும். கொலஸ்ட்ரால் நிறைஞ்சா திரும்ப கட்டு. இது பத்தாதுன்னு, ஏற்கனவே இருக்கற ரிடக்டேஸ் என்சைமையும் பிடிச்சு அழிக்க ஒரு ஏற்பாடு இருக்கு. குடல் செல்லுலயும் இதே ஏற்பாடுதான், ஆனா அங்க ஒரு விசேஷம், மத்த செல்லுக்கு ரத்தம் மட்டும்தான் வெளியில இருந்து வர்ற சப்ளை, குடல் செல்லுக்கு ஒரு பக்கம் ரத்தம் இன்னொரு பக்கம் சாப்பாடும் பித்தநீரும். ரெண்டு பக்கத்தையும் பார்த்துக் கணக்குப் போடணும்.

இனிமே உறிஞ்சற கதை. கொலஸ்ட்ரால் தண்ணியில கரையாது. அதனால பித்த அமிலம், லெசித்தின் மாதிரி பாஸ்போலிப்பிட், செரிச்ச கொழுப்பு எல்லாம் சேர்ந்து சின்னச் சின்ன உருண்டை ஆகும், மைசெல்னு சொல்வாங்க, அதுக்குள்ள கொலஸ்ட்ரால் ஒளிஞ்சு உக்காந்துட்டு குடல் சுவர் வரைக்கும் சவாரி பண்ணி வரும். பித்தநீர் வரலைன்னா கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட உள்ளே போகவே முடியாது. (பித்தம்னாலே நமக்கு தலைக்கேறினதுதான் ஞாபகம் வரும், அது இல்லாம கொழுப்பு செரிக்காதுங்கறதை யாரும் சொல்றதில்ல.) சுவர்ல வந்து இறங்கின கொலஸ்ட்ரால் தானா ஊறி உள்ளே போகுதுன்னுதான் ரொம்ப காலம் நினைச்சுட்டு இருந்தாங்க. இல்ல, அதுக்குன்னு ஒரு கதவு இருக்கு, பேரு என்.பி.சி.1.எல்.1.

அந்தக் கதவு கிடைச்ச விதம் தலைகீழ். ஷெரிங்-ப்ளவ் கம்பெனியில ஏகேட்னு வேற ஒரு என்சைமை நிறுத்த மருந்து தேடிட்டு இருந்தாங்க, கிடைச்ச பொருள்ல ஒண்ணு அந்த என்சைமை ஒண்ணும் பெருசா பண்ணல ஆனா மிருகங்கள்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சறதை அப்படியே குறைச்சது. ஏன்னு தெரியாமலே அதை மெருகேத்தி எசெட்டிமைப்னு மருந்தா கொண்டுவந்துட்டாங்க, 2002ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சுது. அது எந்தப் புரதத்தைப் பிடிக்குதுங்கற துப்பு 2004லதான் கிடைச்சுது, என்.பி.சி.1.எல்.1ஐக் கண்டுபிடிச்ச அப்புறம். பூட்டு எதுன்னு தெரியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சாவி மெடிக்கல் ஷாப்ல வித்துட்டு இருந்துச்சு! இந்த மருந்து குடல் சுவர்லயும் லிவர்லயும் கொஞ்சம் மாற்றப்பட்டு பித்தநீர்ல கலந்து திரும்பக் குடலுக்கே வந்துடும், கொலஸ்ட்ரால் சுத்தற அதே ரூட்ல தானும் சுத்தும், அதனாலதான் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதுது.

கதவு வழியா உள்ளே வந்த கொலஸ்ட்ராலுக்கு ரெண்டு விதி. ஒண்ணு, ஏகேட்-2ங்கற என்சைம் அதுக்கு ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டி விடும், அப்புறம் அதை மத்த கொழுப்போட சேர்த்து கைலோமைக்ரான்னு ஒரு பெரிய பொட்டலமா கட்டி நிணநீர்க் குழாய்க்குள்ள அனுப்பும், அது கழுத்துக்கிட்ட போய் ரத்தத்துல கலந்து, வழியில கொழுப்பை இறக்கிட்டு, கடைசியில மிச்சம் லிவருக்கு. இந்தப் பொட்டலத்துக்கு ஏபோ-பி48னு ஒரு புரதம் வேணும், அதுல ஒரு வேடிக்கை பாருங்க. லிவரும் குடலும் ஒரே ஜீனைத்தான் படிக்குது, லிவர் 4536 அமினோ அமிலம் நீளத்துக்கு முழுப் புரதமும் கட்டுது, அதுதான் எல்.டி.எல்.ல இருக்கற ஏபோ-பி100. குடல் அந்த ஆர்.என்.ஏ.ல ஒரே ஒரு எழுத்தை மாத்தி முற்றுப்புள்ளி வச்சிடுது, புரதம் 2152லயே நின்னுடும், முழு நீளத்துல சுமார் 48 சதவீதம், அதான் அந்தப் பேரு. ஜீனைத் தொடாம நகலை மட்டும் திருத்தற இந்த வேலை மனுஷ உடம்புல நடக்குதுன்னு 1987லதான் தெரிஞ்சுது, குடலைப் போய் யாரு வெறும் குழாய்னு சொன்னாங்களோ.

ரெண்டாவது விதி, வந்த வழியே வெளியே. ஏ.பி.சி.ஜி.5, ஏ.பி.சி.ஜி.8னு ரெண்டு புரதம் ஜோடியா சேர்ந்து ஒரு பம்ப், உள்ளே வந்ததைத் திரும்பக் குடலுக்குள்ளயே துப்பிடும். இதோட முக்கிய வேலை தாவர ஸ்டெரால்களை வெளியேத்தறது. செடிகள்ல கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட இருக்காது, அதுக்குப் பதிலா சிட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால் மாதிரி அண்ணன் தம்பிங்க இருப்பாங்க, எண்ணெய் பருப்பு எல்லாத்துலயும் இருக்கு, கொலஸ்ட்ரால் அளவுக்கு நாம அதையும் தினம் சாப்பிடறோம், ஆனா ரத்தத்துல ரொம்பக் கொஞ்சம்தான் ஏறும். காரணம் இந்த பம்ப். பிறவியிலயே பம்ப் வேலை செய்யாதவங்களுக்கு சிட்டோஸ்டெரோலீமியான்னு நோய், 1974ல ரெண்டு சகோதரிங்ககிட்ட முதல்ல விவரிச்சாங்க, தசைநாண்ல மஞ்சளா கொழுப்புக் கட்டி, சின்ன வயசுலயே ரத்தக்குழாய் அடைப்பு வரைக்கும் போகும். செல்லுக்குள்ள கொலஸ்ட்ரால் கூடும்போது அதுல இருந்து உண்டாகற ஆக்ஸிஸ்டெரால்கள் எல்.எக்ஸ்.ஆர்.ங்கற சுவிட்சைத் தட்டும், உடனே இந்த பம்ப் எண்ணிக்கை கூடும். குறைஞ்சா எஸ்.ஆர்.இ.பி.பி., கூடினா எல்.எக்ஸ்.ஆர்., இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் குடல் செல் ஓட்டிட்டு இருக்கு.

அடுத்தது பித்த அமிலம். பித்த அமிலமே கொலஸ்ட்ரால்ல இருந்துதான் லிவர் தயாரிக்குது. உடம்புல இருக்கற மொத்த ஸ்டாக் 2ல இருந்து 4 கிராம்தான், அதையே ஒரு நாள்ல பல சுத்து விட்டு வேலை வாங்கிடும், ஒவ்வொரு சுத்துலயும் சிறுகுடலோட கடைசிப் பகுதியில 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்பட்டு லிவருக்குப் போயிடும், தினமும் வெளியே போறது அரை கிராம் பக்கம். உறிஞ்சும்போது அந்தக் கடைசிப் பகுதி செல்கள் சும்மா இருக்கறதில்ல, எஃப்.ஜி.எஃப்.19னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விட்டு லிவருக்கு "இங்க வேணுங்கற அளவு வந்துடுச்சு, புதுசா தயாரிக்காத"ன்னு சேதி சொல்லும். இந்தச் சேதியை வெட்டினா என்ன ஆகும்? லிவர் கொலஸ்ட்ராலை எடுத்து எடுத்து பித்த அமிலமாக்கும், அதனால லிவருக்குள்ள கொலஸ்ட்ரால் பத்தாம போகும், பத்தலைன்னா ரிசெப்டரை ஏத்தி ரத்தத்துல இருந்து எல்.டி.எல்.ஐ இழுக்கும். கொலெஸ்டிரமைன்னு பழைய பவுடர் மருந்து பண்றது இதைத்தான், பித்த அமிலத்தைப் பிடிச்சுக் கட்டிட்டு மலத்தோட போயிடும், தான் ரத்தத்துக்குள்ள போகவே போகாது. கொலஸ்ட்ராலைக் குறைச்சா மாரடைப்பு குறையும்னு 1984ல 3806 ஆண்களை வச்சு காட்டின பெரிய ஆய்வு இந்த மருந்தை வச்சுத்தான், ஸ்டாட்டின் மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி. ஹென்றி புக்வால்டுங்கற சர்ஜன் இன்னும் ஒரு படி மேல போய் அந்தக் கடைசிப் பகுதியையே ஆபரேஷன்ல பைபாஸ் பண்ணினார், 838 பேரை வச்சு 1990ல வந்த அவங்க ரிசல்ட்ல எல்.டி.எல். 38 சதவீதம் கிட்ட குறைவு. குடல்ல வெட்டி ஒட்டினா ரத்தத்துல நம்பர் இறங்குது, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்.

பித்தநீரைத் தொடாமலும் கொலஸ்ட்ரால் வெளியே போக ஒரு வழி இருக்கு. 1927லயே ஸ்பெர்ரின்னு ஒருத்தர் நாய்களோட பித்தநீரைக் குடலுக்குள்ள போகாம திருப்பி விட்டுப் பார்த்தார், அப்பவும் மலத்துல ஸ்டெரால் குறையல. ரொம்ப வருஷம் அதை யாரும் சீரியஸா எடுத்துக்கல. இப்போ தெரியுது, ரத்தத்துல இருந்து குடல் சுவர் வழியாவே நேரா குடலுக்குள்ள கொலஸ்ட்ரால் இறங்குது, மனுஷங்ககிட்டயும் வெளியே போற கொலஸ்ட்ரால்ல சுமார் மூணுல ஒரு பங்கு இப்படிப் போகுதுன்னு அளந்திருக்காங்க. பெருங்குடலுக்குப் போனதை அங்க இருக்கற சில பாக்டீரியா கோப்ரோஸ்டனாலா மாத்திடும், அது திரும்ப உறிஞ்சப்படாது.

இப்போ உங்க 160, 154க்குத் திரும்பி வர்றேன். எசெட்டிமைப் வந்த அதே 2002ல ஒரு சின்ன ஆய்வு, 18 பேர். மருந்து குடுத்ததும் குடல் உறிஞ்சறது கிட்டத்தட்ட 50 சதவீதத்துல இருந்து 23 பக்கம் விழுந்துடுச்சு, அதாவது பாதிக்கும் மேல கட். எல்.டி.எல். எவ்ளோ குறைஞ்சுது? 20 சதவீதம்தான். ஏன்னா அதே சமயத்துல உடம்போட சொந்த உற்பத்தி 89 சதவீதம் ஏறிடுச்சு. சாப்பாடு, பித்தநீர் ரெண்டுல இருந்தும் வர்றதைச் சேர்த்து மறிச்சே இவ்ளோதான்னா, சாப்பாட்டுல வர்ற சின்னப் பங்கை மட்டும் மறிச்ச உங்களுக்கு 6 பாயின்ட் இறங்கினது கம்மின்னு நான் சொல்ல மாட்டேன். ஸ்டாட்டின் தனியா குடுத்தா எதிர்ப்பக்கம் நடக்கும், உற்பத்தி குறையும், குடல் கொஞ்சம் கூட உறிஞ்சப் பார்க்கும். அதனாலதான் ரெண்டையும் சேர்த்துக் குடுக்கறாங்க. 18,144 பேரை வச்சு 2015ல வந்த இம்ப்ரூவ்-இட் ஆய்வுல சிம்வாஸ்டாட்டின்ங்கற ஸ்டாட்டினோட எசெட்டிமைப் சேர்த்தவங்களுக்கு எல்.டி.எல். சுமார் 70க்குப் பதிலா 54ல நின்னுச்சு, மாரடைப்பு பக்கவாதம் மாதிரி சம்பவங்கள் 34.7 சதவீதத்துல இருந்து 32.7. பெரிய வித்தியாசம் இல்லதான், ஆனா குடல் கதவைச் சாத்தினா இதயத்துக்கு லாபம் உண்டுன்னு நிரூபணம் ஆச்சு.

அப்போ சாப்பாட்டுல எதைத் தொடணும்னா, கொலஸ்ட்ராலை விட நிறைவுற்ற கொழுப்பை. அது லிவர்ல எல்.டி.எல். ரிசெப்டரோட வேலையைக் குறைக்குது, அதனால ரத்தத்துல இருக்கறது அங்கயே தேங்குது. முட்டையை நிறுத்திட்டு அந்த இடத்துல வெண்ணெயும் பேக்கரி ஐட்டமும் சாப்பிட்டா நம்பர் எப்படி இறங்கும், நீங்க அப்படிப் பண்றீங்கன்னு சொல்லல, ஆனா நிறைய பேர் பண்றாங்க. அமெரிக்க அரசோட உணவு வழிகாட்டியே 2015 பதிப்புல 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் லிமிட்டை எடுத்துட்டு நிறைவுற்ற கொழுப்பு லிமிட்டை மட்டும் வச்சுக்கிச்சு. அடுத்தது கரையும் நார்ச்சத்து, ஓட்ஸ்ல இருக்கற பீட்டா குளுக்கான் ஒரு நாளைக்கு 3 கிராம் கிட்ட, இல்லைன்னா இசப்கோல், இது குடல்ல பித்த அமிலத்தைப் பிடிச்சு வச்சுக்கும், கொலெஸ்டிரமைன் பண்ற அதே வேலையை மெதுவா பண்ணும், எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் இறங்கும். தாவர ஸ்டெரால் சேர்த்த பொருள் நாளைக்கு 2 கிராம் அளவுக்குப் போனா மைசெல்ல கொலஸ்ட்ராலோட இடத்தை அது பிடிச்சுக்கும், 8ல இருந்து 10 சதவீதம் இறங்கும், ஆனா மேல சொன்ன பம்ப் நோய் இருக்கறவங்க அந்தப் பக்கமே போகக்கூடாது. இதெல்லாம் பண்ணியும் 160 பக்கத்துலயே நிக்குதுன்னா அது உங்க ஒழுக்கக் குறைவு இல்ல, ஜீன் விஷயம், டாக்டர்கிட்ட பேசுங்க. ஏற்கனவே மாத்திரை எடுத்துட்டு இருந்தா இதைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்தாதீங்க.

கடைசியா கமென்ட்ல இன்னொண்ணும் கேட்டிருந்தீங்க, "நான் அதிகமா தயாரிக்கற ஆளா, அதிகமா உறிஞ்சற ஆளான்னு தெரிஞ்சுக்க முடியுமா"ன்னு. முடியும். ரத்தத்துல லேத்தோஸ்டெரால் அளவு பார்த்தா தயாரிப்பு தெரியும், ஏன்னா அது கொலஸ்ட்ரால் ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்டெப்ல வர்ற பொருள். கேம்பெஸ்டெரால், சிட்டோஸ்டெரால் பார்த்தா உறிஞ்சறது தெரியும், ஏன்னா அது நம்ம உடம்பு தயாரிக்கவே முடியாத பொருள், ரத்தத்துல இருந்தா குடல் வழியாத்தான் வந்திருக்கணும். ஆனா இது பெரும்பாலும் ஆராய்ச்சி லேப்ல பண்ற டெஸ்ட், சாதாரண லிப்பிட் ப்ரொஃபைல்ல வராது. டாக்டருங்க நடைமுறையில பண்றது ரொம்ப சிம்பிள், மருந்தை ஆரம்பிச்சு 4ல இருந்து 12 வாரம் கழிச்சு ரத்தத்தைத் திரும்ப டெஸ்ட் பண்ணுவாங்க, எவ்ளோ இறங்கியிருக்குன்னு பார்த்துட்டு டோஸைக் கூட்டறதா இன்னொண்ணைச் சேர்க்கறதான்னு முடிவு பண்ணுவாங்க.